33வது கல்லை வைக்கலாமா?

கேள்வி: கிளிநொச்சி வாத்தியார்

வணக்கம். உயர்தர வகுப்புக்குப் படிப்பிக்கிறேன். போன கிழமை பேச்சு எங்கேயோ தொடங்கி அமெரிக்காவின் வேர்ஜினியா டெக் பல்கலைக்கழகத்தில் போய் நின்றது. 2007 ஏப்ரல் 16 அன்று அங்கே படித்த ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டான். செத்தவர்களுக்காக மாணவர்கள் மைதானத்தில் ஆளுக்கொரு கல் வைத்தார்கள். ஒரு மாணவி அவனுக்கும் சேர்த்து 33வது கல்லைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள். அந்தக் கல் காணாமல் போய், திரும்ப வந்து, பெரிய வாக்குவாதமே நடந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் திறந்த நிரந்தர நினைவிடத்தில் 32 கல்தான் இருக்கிறது.

இதைச் சொல்லி முடிக்க ஒரு பிள்ளை எழும்பி, "சேர், அவனும் செத்தவன்தானே, அவன்ர அம்மா எங்க போய் அழுறது?" என்று கேட்டாள். 2009இல் போரின் கடைசி நாட்களில் முள்ளிவாய்க்காலிலிருந்து கைக்குழந்தையாக வெளியே வந்தவள் அவள், தகப்பன் வரவில்லை. அவள் வாயிலிருந்து அந்தக் கேள்வி வந்ததும் எனக்கு நா எழவில்லை. என்ன சொல்வது?

முள்ளியவளை அக்கா:

வைக்கக் கூடாது சேர். ஒவ்வொரு மே 18 நினைவு நாளுக்கும் நான் முள்ளிவாய்க்காலுக்குப் போகிறேன். மணலில் முழங்கால் குத்தி, காற்று அணைக்காமல் கையால் மறைத்துப் பிடித்துத்தான் என் தம்பிக்குச் சுடர் ஏற்றுவேன். பக்கத்தில் ஒரு அம்மா மூன்று படங்களை மடியில் வைத்துக்கொண்டு இருப்பா. அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் ஷெல் அடித்தவனின் படத்தையும் கொண்டுவந்து வைத்தால் அந்த அம்மா எழும்பிப் போய்விடுவா, பிறகு அந்த இடத்துக்கு வரவே மாட்டா. அமெரிக்காவின் கொலம்பைன் பள்ளிக்கூடத்தில் 1999இல் 13 பேரைக் கொன்ற இரண்டு பெடியங்களுக்கும் சேர்த்து ஒருவர் 15 சிலுவை நட்டார். மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பன் போய் அந்த இரண்டையும் பிடுங்கி எறிந்தார். அவர் இடத்தில் நான் நின்றாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

கனகராயன்குளம் ஐயா:

பிள்ளை, உன் கோபம் விளங்குது. ஆனால் தமிழ் அரசன் எல்லாளனைப் போரில் கொன்ற சிங்கள அரசன் துட்டகைமுனுவே அவனுக்கு நினைவிடம் எழுப்பி, அந்த வழியால் போகிறவர்கள் மேளத்தை நிறுத்த வேண்டும் என்று கட்டளை போட்டதாக மகாவம்சம் சொல்லுது. எதிரி செத்த பிறகு பகை எதற்கு?

முள்ளியவளை அக்கா:

ஐயா, எல்லாளன் படையோடு வந்து நேருக்கு நேர் நின்று பொருதின அரசன். வேர்ஜினியாவில் இவன் சுட்டது வகுப்பில் கொப்பி விரித்துக்கொண்டு இருந்த பிள்ளைகளை. இரண்டையும் ஒரே தராசில் போடாதீங்கோ.

மட்டக்களப்புத் தங்கச்சி (இப்போது புதுக்குடியிருப்பில்):

நான் கலியாணம் முடித்து இங்கே வந்தவள். 2019 ஏப்ரல் 21இல் எங்கள் ஊர் சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது செத்தவர்களில் ஞாயிறு பள்ளிக்கு வந்த பிள்ளைகளும் இருந்தார்கள். அந்த ஆகஸ்டில் குண்டு வைத்தவனின் உடல் பாகங்களைக் கள்ளியங்காட்டு மயானத்தில் புதைத்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் சனம் வீதிக்கு வந்து மறித்தது. கடைசியில் நீதிமன்றம் சொல்லித் தோண்டி எடுத்தார்கள். யாராக இருந்தாலும் பிணத்துக்கு ஆறடி மண் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ராவோடு ராவாகச் செய்த மாதிரி எங்கள் சனம் படுத்திருக்கும் இடத்தில் கொண்டுவந்து புதைத்ததைத்தான் தாங்க முடியவில்லை. 33வது கல்லிலும் எனக்கு அதேதான். 32 வீட்டுக்காரரிடமும் யாராவது கேட்டார்களா?

கனகராயன்குளம் ஐயா:

சரி, நீங்கள் இரண்டு பேரும் சொல்வதை யோசித்துப் பார்த்தேன். எல்லாளனை நான் இழுத்தது பிழை. அந்தப் பிள்ளை கேட்டது கல்லைப் பற்றி இல்லை, தாயைப் பற்றி. 2006 ஒக்டோபரில் பென்சில்வேனியாவில் ஆமிஷ் என்கிற கிறிஸ்தவச் சனத்தின் சின்னப் பள்ளிக்கூடத்துக்குள் ஒருவன் புகுந்து ஐந்து பெண் பிள்ளைகளைக் கொன்றுவிட்டுத் தானும் செத்தான். பிள்ளைகளைப் புதைத்த கை காயும் முன்னமே அந்தச் சனம் அவனுடைய வீட்டுக்குப் போய் மனைவிக்கு ஆறுதல் சொல்லி, அவன் அடக்கத்திலும் போய் நின்றது. பள்ளிக்கூடத்தை இடித்துப் புல்வெளியாக விட்டுவிட்டார்கள். நாங்கள் அந்தத் தாயின் படலையைத் திறந்துகொண்டு போகலாம் வாத்தியார். அவனைக் கொண்டுவந்து இவர்கள் நடுவில் வைக்கத் தேவையில்லை.

முள்ளியவளை அக்கா:

ஓம் ஐயா, அதுக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். அவன்ர அம்மா அந்தியேட்டி செய்யட்டும், திவசத்துக்குப் படைக்கட்டும், பிள்ளை பிள்ளைதானே.

கிளிநொச்சி வாத்தியார்:

நன்றி. நாளைக்கு வகுப்பில் ஐயா சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். அந்தப் பிள்ளை இன்னும் ஒருமுறையும் மே 18க்குப் போனதில்லையாம், தாய் விடுவதில்லை.

முள்ளியவளை அக்கா:

தாயையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு வாங்கோ சேர். நான் நினைவுக் கஞ்சிப் பானைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன், சிரட்டையில் வார்த்துக் கொடுக்கிற ஆள் எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள்.