உடம்பை வரைந்தால் ஆபாசமா? எல்லையை யார் போடுவது?

கரித்துண்டு (ஈரோடு):
கோவையில் ஒரு அரங்கில் நண்பர்கள் சேர்ந்து ஓவியக் கண்காட்சி வைத்தோம். என் படங்களில் ஒன்று, வெள்ளைச் சீலை கட்டிய, ரவிக்கை போடாத ஒரு ஆத்தா. களத்தில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருக்கிறார். குனிந்ததில் சீலை சரிந்து ஒரு பக்க மார்பு தெரியும். முழுக்கக் கரியில் வரைந்தது. முதல் நாள் மத்தியானமே அரங்கப் பொறுப்பாளர் வந்து, "குடும்பத்தோட வர்ற இடம், இதைக் கழட்டிருங்க" என்றார். முடியாது என்றேன். சாயங்காலம் பார்த்தால் படத்தின் மேல் செய்தித்தாளை ஒட்டி மறைத்திருக்கிறார்கள்.

நம் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு முன்புவரை ஆத்தாக்கள் இப்படித்தானே சந்தைக்கும் கோயிலுக்கும் போய் வந்தார்கள்? நேரில் யாருக்கும் தப்பாகத் தெரியாதது, படச்சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினால் ஆபாசம் ஆகிவிடுமா? எல்லையை எங்கே போடுவது, யார் போடுவது? மனதில் பட்டதைச் சொல்லுங்கள்.

காளிங்கராயன் (பவானி):
தம்பி, உங்கள் படத்தை நான் பார்க்கவில்லை. அதனால் அதை ஆபாசம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் உங்கள் வாதத்தில் ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த ஆத்தா சந்தைக்குப் போனது காய் விற்க. யாரும் நின்று அவர் மார்பைப் பார்க்கவில்லை, பார்த்திருந்தால் நாலு பேர் அவனைச் செருப்பால் அடித்திருப்பார்கள். நீங்கள் செய்தது வேறு. விளக்குப் போட்டு, கண் மட்டத்தில் மாட்டி, வந்து பாருங்கள் என்று ஊரையே கூப்பிடுகிறீர்கள். பார்ப்பதற்கென்றே வைத்த பிறகு, பார்க்க வருகிறவனுக்கும் பேச உரிமை உண்டு. என் பெண் எட்டாவது படிக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு வருகிற இடத்தில் என்ன இருக்கிறது என்று கேட்கக் கூடாதா? கலை என்று ஒரு வார்த்தை சொன்னால் எல்லாக் கேள்வியும் வாயை மூடிக்கொள்ள வேண்டுமா?

பேரூர்ப் பையன் (கோவை):
ஐயா, உங்கள் பெண்ணைப் பேரூர்க் கோயிலுக்குக் கூட்டிப் போயிருப்பீர்கள்தானே? கனகசபையில் தூணோடு தூணாக நிற்கிற பிட்சாடனரை, பிச்சையெடுக்க வரும் சிவனைப் பாருங்கள். பிட்சாடனர் என்றாலே ஆடையில்லாத கோலம்தான், இடுப்பில் பாம்பு மட்டும். அந்தக் கதையில் முனிவர்களின் மனைவிமார் அவரைப் பார்த்து மயங்கி, சீலை நெகிழ்வதைக்கூடத் தெரியாமல் பின்னால் போகிறார்கள். அதைக் கல்லில் செதுக்கி, விளக்கேற்றி, கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம். தேர் நிலைக்குப் போனால் மரத்தில் இன்னும் வெளிப்படையான சிற்பங்கள் எத்தனையோ இருக்கின்றன.

சட்டத்துக்கும் இது தெரியும். ஆபாசத்தைத் தண்டிக்கிற, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவு, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 294. கோயிலில் இருக்கும் சிற்பம், பழங்காலச் சின்னங்கள், ஏன், சாமியைத் தூக்கிப் போகிற தேரில் இருக்கிற சிற்பம் வரைக்கும் அதில் விலக்கு உண்டு.

காளிங்கராயன்:
விலக்கு என்றால் என்ன பொருள்? கோயிலுக்கு வெளியே அதே உருவம் கேள்விக்கு உட்பட்டது என்பதால்தானே தனியாக எழுதி விலக்கினார்கள்? பிட்சாடனர் முன் நிற்கிறவன் சாமி பார்க்க வந்தவன். கற்பூர வாசனை, தேவாரம், பக்கத்தில் நிற்கிற பாட்டி எல்லாம் சேர்ந்து அவன் கண்ணைக் கட்டிப்போடுகின்றன. அந்தக் கல்லிலிருந்து இடுப்பை மட்டும் படமெடுத்து பஸ் ஸ்டாண்டில் ஒட்டினால் அது பிட்சாடனர் ஆகாது. கோயிலைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் வக்காலத்து வாங்காதீர்கள்.

பேரூர்ப் பையன்:
இடுப்பை மட்டும் வெட்டி ஒட்டினால் என்று சொன்னீர்களே, நீதிமன்றமும் இப்போது அதைத்தான் சொல்கிறது. 1964இல் ரஞ்சித் உதேசி வழக்கில் உச்ச நீதிமன்றம் பழைய இங்கிலாந்து அளவுகோலை எடுத்துக்கொண்டது. சலனப்படக்கூடிய மனதை ஒரு பகுதி கெடுக்குமா என்று பார்க்கிற அளவுகோல் அது, 1868ஆம் ஆண்டு ஹிக்ளின் வழக்கில் பிறந்தது. 2014இல் அவீக் சர்க்கார் வழக்கில் அதைக் கைவிட்டது. டென்னிஸ் வீரர் போரிஸ் பெக்கர் தன் வருங்கால மனைவியோடு ஆடையில்லாமல் நின்ற படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்ட வழக்கு. கறுப்பு வெள்ளை நிறவெறிக்கு எதிராக வந்த செய்தியோடு சேர்த்துப் பார்க்க வேண்டும், முழுசாகப் பார்க்க வேண்டும், இன்றைய சமூகத்தின் அளவுகோலால் பார்க்க வேண்டும் என்றார்கள். 2024 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் சூசா, அக்பர் பதம்சீ ஓவியங்களை ஆபாசம் என்று சுங்கத்துறை பிடித்து வைத்தது தவறு என்று தீர்ப்பளித்தது. பதம்சீ 1954லேயே ஒரு படத்துக்காகக் கைதாகி விடுதலையானவர். எழுபது வருசம் கழித்தும் அதே சண்டை.

அர்த்தநாரி மலை (திருச்செங்கோடு):
சமூகத்தின் அளவுகோல் என்கிறீர்களே, எந்தச் சமூகம்? பீளமேட்டுக் காபிக் கடையா, எங்கள் ஊர்த் தேர்வீதியா?

2014 கடைசியில் பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' நாவலை எதிர்த்து எங்கள் ஊரில் நடந்தது எல்லோருக்கும் தெரியும். 2010இல் வந்த நாவல். குழந்தையில்லாத பெண்கள் திருவிழாவின் ஒரு நாள் இரவில் பிள்ளைக்காக வேறு ஆணோடு சேர்வார்கள் என்று அதில் வருவதைத்தான் நாங்கள் எதிர்த்தோம். கடையடைப்பில் நானும் நின்றேன். அந்த வருத்தம் இன்றும் போகவில்லை. 2015 ஜனவரியில் அதிகாரிகள் முன் பேச்சுவார்த்தை நடந்தது, அதற்குப் பின் எழுத்தாளன் செத்துவிட்டான் என்று அவர் எழுதினார். 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பேச்சுவார்த்தை யாரையும் கட்டுப்படுத்தாது, பிடிக்காவிட்டால் புத்தகத்தைத் தூக்கிப் போடுங்கள் என்கிற மாதிரி சொல்லிவிட்டது. சொல்வது சுலபம். எங்கள் அம்மாவும் பாட்டியும் ஏறிய படியில் நடந்ததாக எழுதிவிட்டு, தூக்கிப் போடு என்றால் எப்படி?

பேரூர்ப் பையன்:
அண்ணா, உங்கள் வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் வலித்தது உங்கள் ஊர்ப் பேர். அதை ஆபாசம் என்ற பெட்டியில் போட்டதால்தான் எல்லாம் குழம்பியது. அந்த நாவலை முழுசாகப் படித்தவர்களுக்கு அது குழந்தையில்லாத ஒரு தம்பதியின் துயரம். ஊர் அவர்களைப் பேசிப் பேசியே கொல்கிறது. தீர்ப்பு எழுதிய அமர்வில் இருந்த தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், 2008இல் டெல்லியில் எம்.எஃப். உசேன் ஓவிய வழக்கையும் தள்ளுபடி செய்தவர். கூட்டம் சேர்ந்தவன் எல்லை போட்டால் அது எல்லையாக நிற்காது, நகர்ந்துகொண்டே இருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

அர்த்தநாரி மலை:
கூட்டம் என்று எங்களைச் சொல்ல வேண்டாம். ஒரு ஊர் வருத்தப்பட்டால் அது கூட்டம், நாலு பேர் கண்காட்சியில் கைதட்டினால் அது சமூகமா?

நூல்கண்டு (திருப்பூர்):
இவ்வளவு நேரம் ஆண்கள் எல்லோரும் பார்க்கிறவரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். தம்பி கரித்துண்டு, அந்த ஆத்தாவிடம் கேட்டீர்களா? படம் ஊரில் தொங்கும் என்று அவருக்குத் தெரியுமா?

எனக்கு எல்லை அங்கேதான். பொள்ளாச்சியை நினைத்துப் பாருங்கள். 2019இல் வெளியே வந்தபோது எத்தனை பேர் அந்த வீடியோக்களைத் தேடினார்கள், அனுப்பிக்கொண்டார்கள்! அந்தப் பெண்களின் உடம்பு தெரிந்ததா குற்றம்? ஏமாற்றி, மிரட்டி, அடித்து, அதைப் பதிவு செய்து, மறுபடி மறுபடி மிரட்டியது குற்றம். 2025 மே 13இல் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை கொடுத்தது அதற்காகத்தான். அதே காலத்தில் நம் ஊரில் பலர் அந்தப் பெண்கள் ஏன் போனார்கள் என்று கேட்டார்கள். மார்பு தெரிகிறதா இல்லையா என்று அளந்துகொண்டிருந்தால் இப்படித்தான் தப்பான இடத்தில் கை நீட்டுவோம்.

கரித்துண்டு:
அக்கா, கேட்டேன். வரைவதற்கு முன்பும், மாட்டுவதற்கு முன்பும். எங்கள் தோட்டத்துக்குப் பக்கத்தில் இருப்பவர். ஒரு நாள் கூலி கொடுத்துத்தான் உட்காரச் சொன்னேன், உட்காருவதும் வேலைதானே. வரையும்போது நான் பார்த்தது அவர் மார்பை மட்டும் இல்லை. கடலைக்காயை உடைக்கும்போது கட்டைவிரல் அழுந்தி நகம் வெளுக்கும். தோள்பட்டை எலும்புக்கு மேல் தோல் இழுபடும். மார்பு அந்த எலும்பிலிருந்து தொங்குகிற பை மாதிரி, பால் கொடுத்து வற்றினது. கரியை விரலால் தேய்த்தால் அந்த இடம் மென்மையாகிப் பொய்யாகிவிடும், அதனால் கோடாகவே விட்டேன். முடிந்ததும் காட்டினேன். "கழுத்து இவ்ளோ சுருங்கிப் போச்சா சாமி" என்றார். மாட்டிக்கோ, போனில் மட்டும் யாருக்கும் அனுப்பாதே என்றார். கண்காட்சியில் போனில் படமெடுக்க வேண்டாம் என்று எழுதி வைத்தது அதனால்தான்.

காளிங்கராயன்:
எழுதி வைத்தால் நம்மாட்கள் கேட்பார்களா? ஒருவன் எடுத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். மார்பை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் போட்டால் அந்த நகம் எங்கே, கழுத்து எங்கே? நீங்கள் வரைந்தது கலையாகவே இருக்கட்டும். அவன் கையில் அது என்ன? அதனால்தான் சொல்கிறேன், எங்கே மாட்டுகிறோம், யார் வருகிறார்கள் என்பதும் எல்லையில் ஒரு பாதி. வாசலில் ஒரு பலகை வையுங்கள், உள்ளே இப்படிப் படம் இருக்கிறது என்று. என் பெண்ணைக் கூட்டிவரலாமா என்று நான் முடிவு செய்கிறேன்.

கரித்துண்டு:
பலகை வைக்கச் சம்மதம் ஐயா. செய்தித்தாளை ஒட்டச் சம்மதமில்லை.

அர்த்தநாரி மலை:
பலகை வைப்பது நல்ல யோசனை. இதே மரியாதையை ஊர்களுக்கும் எழுத்தாளர்கள் கொடுத்தால் சண்டையே வராது.

நூல்கண்டு:
பலகை யோசனையை எங்கள் ஊர் நோம்பிக்கும் கொண்டு வாருங்கள் ஐயா. தலைக்கட்டு வரி நானும்தான் கொடுக்கிறேன். அந்தப் பணத்தில் மாரியம்மன் கோயில் திடலில் ராத்திரி ஆடல் பாடல். ஆபாச நடனம், இரட்டை அர்த்தப் பாட்டு கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் அனுமதி கொடுக்கிறார்கள். போன வருசம் முன்வரிசையில் குழந்தைகள் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் மேடையேறி அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டில் ரூபாய் நோட்டை ஊக்கால் குத்தினார். அவள் சிரித்துக்கொண்டேதான் இருந்தாள், ஆனால் இடது கையை மடக்கி ஊக்கு நெஞ்சில் ஏறாமல் தாங்கிக்கொண்டாள். உடம்பு முழுக்க ஆடை. அந்த ஆத்தா படத்தை மறைக்கச் சொல்கிற ஊர்ப் பெரியவர்கள் அதை எழுந்து நிறுத்தவில்லை. அடுத்த வாரம் நோம்பிக் கணக்குப் பார்க்கக் கூட்டம் இருக்கிறது. ஆடல் பாடலுக்கு வரிப்பணம் கொடுக்கக் கூடாது என்று பேசப் போகிறேன். பவானியிலிருந்தும் திருச்செங்கோட்டிலிருந்தும் ஆண்கள் யாராவது உங்கள் ஊர்க் கூட்டத்தில் இதையே பேசுவீர்களா?

காளிங்கராயன்:
எங்கள் ஊரில் நோம்பி பங்குனியில். பேசுகிறேன் அம்மா.