கரண்ட் சரிவால் நிற்கும் மெஷின்: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் அண்ணன்மார்களே, அக்காமார்களே. மலேசியா, பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர் தோட்டத்து ஓரத்தில் சிறிய பிளாஸ்டிக் பட்டறை நடத்துகிறேன். பிளாஸ்டிக்கை உருக்கும் மெஷின் இரண்டு, ஆறு பேர் வேலை. எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள்.

கரண்ட் முழுதாகப் போவது குறைவு. மாலை மழையில் மின்னல் அடித்தாலோ, மரக்கிளை கம்பியில் உரசினாலோ வோல்டேஜ் ஒரு நொடிக்கும் குறைவான நேரம் சரியும். வீட்டில் விளக்கு கண் சிமிட்டும், அவ்வளவுதான். பட்டறையில் அதற்குள் காண்டாக்டர் (மோட்டாருக்கும் ஹீட்டருக்கும் கரண்டை இணைக்கும் காந்த சுவிட்ச்) விட்டுவிடும். மோட்டாரும் ஹீட்டரும் நிற்கும். கவனிக்கக் கொஞ்சம் தாமதமானாலும் 200 டிகிரிக்கு மேல் உருகியிருந்த பிளாஸ்டிக், மெஷினின் உருக்கும் குழாயான பீப்பாய்க்குள் இறுகிப்போகும். திரும்பச் சூடாக்கி, கருகியதைத் தள்ளி வெளியேற்ற அரை நாள் போகும். பொருள் தாமதமானால் வாங்குபவர் காத்திருப்பதில்லை. போன மாதம் ஒரு ஆர்டரே கைவிட்டுப் போனது, மனசு விட்டுப்போச்சு.

ஜெனரேட்டர் வாங்கச் சொல்கிறார்கள். அது ஓடத் தொடங்கவே சில நொடிகள் ஆகும், அதற்குள் மெஷின் நின்றிருக்கும். காண்டாக்டரை இயக்கும் கண்ட்ரோல் சர்க்கியூட்டுக்கு மட்டும் யூபிஎஸ் (பேட்டரியிலிருந்து உடனே கரண்ட் தரும் கருவி) போட்டால் காண்டாக்டர் தாங்குமா? மூன்று பேஸ், 400 வோல்ட் இணைப்பில் யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? செலவு எத்தனை ரிங்கிட் வந்தது?

அப்புறம், அரசாங்கத்தின் சிறுதொழில் கடன் நிறுவனமான தெக்குன் இந்தியத் தொழில்முனைவோருக்குத் தரும் ஸ்புமி கடனை இப்படிப்பட்ட கருவிக்கு எடுத்தவர்கள் இருந்தால், என்னென்ன பத்திரம் கேட்டார்கள் என்று சொல்லுங்கள். ஈப்போ பக்கம் நம்பிக்கையான வயர்மேன் தெரிந்தாலும் இங்கேயே எழுதுங்கள்.