டல்லாஸ் பக்கம் நர்ஸ் மிட்வைஃப் தேடறேன், படிப்பு லைசென்ஸ் எல்லாம் சரியான்னு எங்க பாக்கறது?

கவி_ஃப்ரிஸ்கோ:

எல்லாருக்கும் வணக்கம். முதல் குழந்தை, இப்ப 14 வாரம் ஆகுது. ஃப்ரிஸ்கோல இருக்கோம், அவரோட ஆபீஸ்ல குடுத்த பிபிஓங்கற வகை ஹெல்த் இன்சூரன்ஸ். இப்ப போற ஓபி (மகப்பேறு) கிளினிக்ல ஒவ்வொரு தடவையும் வேற வேற டாக்டர் வராங்க, ஹார்ட்பீட் கேக்க வச்சிட்டு எல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டு கிளம்பிடறாங்க, நான் மொபைல்ல எழுதி வச்சிட்டு போற கேள்வில பாதி கேக்காமயே திரும்பி வருது. ஆஸ்டின்ல இருக்கற ஃப்ரெண்ட் ஒருத்தி நர்ஸ் மிட்வைஃப், அதாவது பிரசவம் பாக்க தனியா படிச்ச நர்ஸ் கிட்ட பாத்தா, ஆஸ்பத்திரியிலயே சுகப்பிரசவம், முதுகுல வலி தெரியாம போடற எபிடூரல் ஊசியும் போட்டுகிட்டா, ஒவ்வொரு விசிட்லயும் உக்காந்து பேசினாங்கன்னு அவ சொன்னதுல இருந்து எனக்கும் அப்படி பாக்கணும்னு இருக்கு.

ஆனா நெட்ல தேடினா தலை சுத்துது. ஒருத்தர் பேருக்கு பின்னாடி சி.என்.எம்., இன்னொருத்தருக்கு சி.பி.எம்., வேற ஒருத்தருக்கு எல்.எம்., நடுவுல டூலான்னு நாலு பேரு, எல்லார் வெப்சைட்லயும் அதே மாதிரி குழந்தை போட்டோ, அதே அஞ்சு ஸ்டார் ரிவ்யூ. யாரு நெஜமாவே நர்சிங் படிச்சு பரீட்சை எழுதினவங்கன்னு எப்படி கண்டுபிடிக்கறது? இதுல திருச்சியில இருந்து அம்மா வேற, "டாக்டர் இல்லாம பிள்ள பெத்துக்கவா அமெரிக்கா போன"ன்னு போன்ல ஒரே சண்டை. அவங்களுக்கும் எடுத்து காட்டற மாதிரி ஏதாவது இருந்தா சொல்லுங்க.

லேபர்வார்டு_அக்கா:

கவி, வாழ்த்துக்கள்மா. நான் ஹூஸ்டன்ல லேபர் அண்ட் டெலிவரி நர்ஸ், தினமும் மிட்வைஃபுங்க கூடத்தான் வேலை பாக்கறேன், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

முதல்ல அந்த எழுத்துங்க. சி.என்.எம்.னா சர்டிஃபைட் நர்ஸ் மிட்வைஃப். அவங்க முதல்ல ஆர்.என்., அதாவது லைசென்ஸ் வாங்கின நர்ஸ், அதுக்கு மேல மிட்வைஃபரில மாஸ்டர்ஸோ டாக்டரேட்டோ முடிச்சிருக்கணும், அந்த காலேஜ் கோர்ஸ் ஏ.சி.எம்.இ.ங்கற கமிஷன் அங்கீகாரம் குடுத்ததா இருக்கணும், கடைசியா அமெரிக்கன் மிட்வைஃபரி சர்டிஃபிகேஷன் போர்டு, அதாவது ஏ.எம்.சி.பி. நடத்தற தேசிய பரீட்சை பாஸ் பண்ணணும். சி.பி.எம்., அதாவது சர்டிஃபைட் ப்ரொஃபஷனல் மிட்வைஃப், வேற வழி, நார்ம்ங்கற வேற அமைப்பு குடுக்கற சான்றிதழ், நர்சிங் படிப்பு கட்டாயம் இல்ல, அவங்க பயிற்சியே வீட்டுப் பிரசவம், பர்த் சென்டர்னு ஆஸ்பத்திரிக்கு வெளிய இருக்கற பிரசவ இடம், இதுக்குத்தான். டெக்ஸாஸ்ல எல்.எம்., அதாவது லைசென்ஸ்டு மிட்வைஃப்னு போடறவங்க பெரும்பாலும் இந்த வழியில வந்தவங்க, அவங்க லைசென்ஸ் டி.டி.எல்.ஆர்.ங்கற டெக்ஸாஸ் லைசென்ஸ் துறை கையில இருக்கு, நர்சிங் போர்டு கையில இல்ல. அவங்கள்லயும் ரொம்ப நல்லவங்க இருக்காங்க, ஆனா நீ கேக்கற மாதிரி ஆஸ்பத்திரி, எபிடூரல்னா உனக்கு வேண்டியது சி.என்.எம். தான். டூலா மருத்துவம் பாக்கறவங்களே இல்ல, வலி நேரத்துல கூட இருந்து முதுகு நீவி தைரியம் சொல்றவங்க, அது ஒரு பெரிய உதவிதான், ஆனா பிரசவம் பாக்கற லைசென்ஸ் கிடையாது.

இப்ப செக் பண்றது. ரெண்டு இடத்துல பாரு, ரெண்டும் ஃப்ரீ. ஒண்ணு ஏ.எம்.சி.பி. வெப்சைட்ல வெரிஃபை பண்ற பக்கம், பேரு போட்டு தேடினா அவங்க சர்டிஃபிகேஷன் இப்ப நடப்புல இருக்கா இல்லையான்னு தெரிஞ்சிடும். அது 5 வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கற விஷயம், அதனால எப்பவோ ஃப்ரேம் போட்டு மாட்டின சர்டிஃபிகேட்ட சுவத்துல பாத்து முடிவு பண்ணாத. ரெண்டாவது டெக்ஸாஸ் போர்டு ஆஃப் நர்சிங். அங்க அவங்க பேருல ரெண்டு லைசென்ஸ் இருக்கும், ஒண்ணு ஆர்.என்., இன்னொண்ணு ஏ.பி.ஆர்.என்.ங்கற மேற்படிப்பு நர்ஸ் லைசென்ஸ், அந்த ரெண்டாவதுல நர்ஸ் மிட்வைஃப்னு தெளிவா இருக்கணும். ஆர்.என். மட்டும் வேற ஸ்டேட்டுல வாங்கின மல்டிஸ்டேட் லைசென்ஸா இருக்கலாம், தப்பில்ல, ஆனா ஏ.பி.ஆர்.என். டெக்ஸாஸ்லயே வாங்கியிருக்கணும், அது ஸ்டேட் விட்டு ஸ்டேட் செல்லாது. எக்ஸ்பைரி தேதி பாரு, மேல ஏதாவது டிசிப்ளினரி ஆக்‌ஷன் இருக்கான்னு பாரு, இருந்தா அந்த ஆர்டரையே திறந்து படிக்கலாம், சிலது சின்ன பேப்பர் விவகாரம், சிலது நெஜமாவே பயப்பட வேண்டியது, படிக்காம ரெண்டையும் ஒண்ணா நெனச்சிடாத. நர்ஸிஸ்னு ஒரு சைட் இருக்கு, நிறைய ஸ்டேட் நர்சிங் போர்டு விவரம் ஒரே இடத்துல வரும், முன்னாடி வேற ஸ்டேட்டுல வேலை பாத்தவங்கன்னா அங்கயும் ஒரு தட்டு தட்டி பாரு.

தேட ஆரம்பிக்கறதுக்கு அமெரிக்கன் காலேஜ் ஆஃப் நர்ஸ் மிட்வைவ்ஸ் சைட்ல ஃபைண்ட் எ மிட்வைஃப்னு ஒரு வசதி இருக்கு, ஜிப் கோடு போட்டா வரும். எல்லாரும் அதுல இருக்க மாட்டாங்க, அதனால நீ எந்த ஆஸ்பத்திரில பெத்துக்கணும்னு நெனைக்கறியோ அங்க லேபர் யூனிட்டுக்கே போன் பண்ணி இங்க எந்தெந்த மிட்வைஃப் குரூப் டெலிவரி பாக்கறாங்கன்னு கேளு. நாங்க சொல்லுவோம், யாரும் கோவிச்சுக்க மாட்டோம்.

ராஜி_லாங்ஐலண்ட்:

அக்கா சொன்னது எல்லாம் டெக்ஸாஸ் கணக்கு, மத்த ஸ்டேட்காரங்க இத படிச்சிட்டு நர்சிங் போர்டுல போய் தேடி காணோம்னு பயந்துடாதீங்கன்னுதான் இத எழுதறேன். நியூயார்க்ல 1992 சட்டப்படி மிட்வைஃபரி தனித் தொழில், லைசென்ஸ் குடுக்கறது ஸ்டேட் எஜுகேஷன் டிபார்ட்மென்ட்ல இருக்கற ஆஃபீஸ் ஆஃப் த ப்ரொஃபஷன்ஸ், அங்க சும்மா மிட்வைஃப்னு மட்டும்தான் வரும். இங்க சி.எம்.னு ஒரு வகையும் உண்டு, நர்சிங் வழியா வராம அதே ஏ.எம்.சி.பி. பரீட்சை எழுதினவங்க. எந்த ஸ்டேட்டா இருந்தாலும் ஏ.எம்.சி.பி. பக்கம் மட்டும் பொதுவானது, அங்க ஆரம்பிச்சு அப்புறம் உங்க ஸ்டேட்டுக்கு வாங்க.

செந்தில்_பிளேனோ:

எங்க ரெண்டாவது பொண்ணு மிட்வைஃப் கிட்டதான் பொறந்தா, டாக்டர் விசிட்ல நான் வாயே திறந்ததில்ல, இவங்க கிட்ட நானும் உக்காந்து கேள்வி கேட்டேன். இன்சூரன்ஸ் பத்தி சொல்றேன். கம்பெனி டைரக்டரிய நம்பி அப்பாயின்ட்மென்ட் போடாதீங்க சிஸ்டர், எங்க பிளான் டைரக்டரில மிட்வைஃப்னு இருந்த ஒரு பேருக்கு போன் பண்ணா அவங்க அந்த கிளினிக்க விட்டே போயிருந்தாங்க, இன்னொருத்தர் இருக்காங்க ஆனா புது பிரசவ கேஸ் எடுக்கறதில்லயாம். கிளினிக்குக்கு போன் பண்ணி அவங்க என்.பி.ஐ. நம்பர், அதாவது பில்லிங்குக்கான அடையாள நம்பர் வாங்குங்க, அந்த நம்பர இன்சூரன்ஸ்காரன் கிட்ட குடுத்து இவங்க இன்நெட்வொர்க்கா (நம்ம பிளான்ல சேந்தவங்களா), ஆஸ்பத்திரி இன்நெட்வொர்க்கா, பேக்கப் டாக்டர் குரூப்பும் இன்நெட்வொர்க்கா, மூணையும் தனித்தனியா கேளுங்க, கால் ரெஃபரன்ஸ் நம்பர் எழுதி வச்சுக்கோங்க. இன்னொண்ணு, இங்க பிரசவத்துக்கு செக்கப், டெலிவரி, அப்புறம் பாக்கறது எல்லாம் சேத்து ஒரே பேக்கேஜா பில் போடுவாங்க, நடுவுல கிளினிக் மாறினா பழைய இடத்துல பாத்தத தனியா பிரிச்சு பில் பண்ணுவாங்க, அதனால மாறறதா இருந்தா சீக்கிரம் மாறிடறது நல்லது.

என்.பி.ஐ. ரெஜிஸ்ட்ரில பேரு இருக்கறத வச்சு தகுதி இருக்குன்னு எடுத்துக்காதீங்க. அதுல என்ன தொழில்ங்கறத அவங்கவங்களே பதிவு பண்றாங்க, அது பில்லிங்குக்கான நம்பர், அவ்வளவுதான்.

நித்யா_இர்விங்:

கவி, ஒரு விஷயம் கண்டிப்பா கேட்டுக்கோ. நான் போன ஒரு கிளினிக்ல ஃப்ரன்ட் டெஸ்க்ல "எங்க மிட்வைஃப பாக்கறீங்களா"ன்னு கேட்டு அனுப்பினாங்க, நல்லவங்க, நிதானமா பேசினாங்க, ஆனா ஐடி கார்டுல பாத்தா டபிள்யூ.எச்.என்.பி.ன்னு இருந்துது. பெண்கள் நலம் பாக்கற நர்ஸ் ப்ராக்டிஷனர், கர்ப்ப கால செக்கப் எல்லாம் பாப்பாங்க ஆனா டெலிவரிக்கு வர மாட்டாங்க. அதனால "செக்கப்ல பாக்கறவங்களே பிரசவத்துக்கும் வருவாங்களா, அவங்களுக்கு இந்த ஆஸ்பத்திரில டெலிவரி ப்ரிவிலேஜ், அதாவது பிரசவம் பாக்க அனுமதி இருக்கா"ன்னு நேரடியா கேளு. சில கிளினிக்ல மிட்வைஃப் விசிட் மட்டும் பாப்பாங்க, டெலிவரி ராத்திரி யாரு டூட்டியோ அந்த டாக்டர்தான். அதுவும் தப்பில்ல, ஆனா நமக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கணும் இல்லையா.

கவி_ஃப்ரிஸ்கோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, நேத்து ராத்திரி ரெண்டு பேரும் லேப்டாப்ப வச்சிட்டு இதையேதான் பாத்துட்டு இருந்தோம். அக்கா ஒரு சந்தேகம், ஒருத்தர் பேரு ஏ.எம்.சி.பி.ல நல்லா வருது, ஆக்டிவ்னு இருக்கு, ஆனா டெக்ஸாஸ் போர்டுல அந்த பேரே இல்ல, விட்டுடவா? இன்னொண்ணு, எங்கப்பாவுக்கு சுகர், பாட்டிக்கும் சுகர். எனக்கு சுகர் வந்தா மிட்வைஃப் பாக்க மாட்டாங்களா?

லேபர்வார்டு_அக்கா:

பேரு கெடைக்கலன்னா உடனே விட்டுடாத. கல்யாணத்துக்கு முன்னாடி பேருல ஒரு லைசென்ஸ், அப்புறம் வந்த பேருல இன்னொண்ணுன்னு இங்க நிறைய பேருக்கு இருக்கு, இரட்டைப் பேரு நடுவுல கோடு போட்டு எழுதறவங்களும் உண்டு, நம்ம ஊர்க்காரங்கன்னா அப்பா பேரு கடைசிப் பேரா போயிருக்கும். கிளினிக்ல லைசென்ஸ் நம்பர் கேட்டு வாங்கி நம்பர் போட்டு தேடு. நம்பர் குடுக்க இழுத்தாங்கன்னா அப்ப யோசி, அது பொது விவரம், நாங்க யாரும் அத மறைக்கறதில்ல.

சுகர் விஷயம், நம்ம தெற்காசியக்காரங்களுக்கு கர்ப்ப கால சுகர் வர வாய்ப்பு அதிகம், அதனால இத நீயே முதல் விசிட்ல சொல்லிடு. எல்லாருக்கும் 24ல இருந்து 28 வாரத்துக்குள்ள அந்த குளுக்கோஸ் தண்ணி குடிக்க வச்சு டெஸ்ட் எடுப்பாங்க, வீட்ல சுகர் இருந்தா முன்னாடியே எடுக்க சொல்லலாம். சாப்பாட்ட மாத்தி கட்டுப்பாட்டுல இருந்தா நிறைய மிட்வைஃபுங்க தொடர்ந்து அவங்களே பாப்பாங்க, இன்சுலின் வரைக்கும் போனா டாக்டரோட சேந்து பாப்பாங்க இல்லன்னா மாத்தி விடுவாங்க, அது குரூப்புக்கு குரூப் மாறும். ரெட்டைக் குழந்தை, நஞ்சு கீழ எறங்கி வழிய மறைக்கறது, கர்ப்பத்துல பிரஷர் ஏறற ப்ரீஎக்ளாம்ப்ஸியா, இதெல்லாம் வந்தா டாக்டர் கைக்கு போயிடும். சிசேரியன் சி.என்.எம். பண்ண மாட்டாங்க, அதனால "எந்த டாக்டர் உங்களுக்கு பேக்கப், ராத்திரி அவசரம்னா அவங்க ஆஸ்பத்திரிக்குள்ளயே இருப்பாங்களா வீட்ல இருந்து வரணுமா"ன்னு கேளு. நான் வார்டுல நின்னு பாத்த வரைக்கும் சொல்றேன், லைசென்ஸ் சரியா இருக்கறது முதல் படி, இந்தக் கேள்விக்கு டக்குனு பேரோட பதில் வருதாங்கறதுதான் அந்த குரூப் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டிக் குடுக்கும்.

பர்த் சென்டர் பக்கம் மனசு போச்சுன்னா அதுக்கு தனி லைசென்ஸ் உண்டு, டெக்ஸாஸ் ஹெல்த் அண்ட் ஹியூமன் சர்வீசஸ் குடுக்கறது, அது போக பர்த் சென்டருங்களுக்குன்னே இருக்கற சி.ஏ.பி.சி.ங்கற கமிஷனோட அங்கீகாரம் இருக்கான்னு பாரு, அது விருப்பப்பட்டு வாங்கறது. ஆனா அங்க எபிடூரல் கிடையாதும்மா.

பெரம்பலூர்_பொண்ணு:

கவி, உங்கம்மா கிட்ட பேச எங்கம்மாவ தரட்டுமா? அவங்க கிராம சுகாதார செவிலியரா இருந்து ரிட்டயர் ஆனவங்க, துணை சுகாதார நிலையத்துல எத்தனையோ பிரசவம் அவங்க கையால பாத்தவங்க. நான் மிட்வைஃப் கிட்ட போறேன்னு சொன்னப்ப அவங்க பயப்படவே இல்ல, "என்ன படிச்சிருக்கு, எங்க பதிவு பண்ணியிருக்கு, ரத்தப்போக்கு வந்தா யார கூப்பிடும்"னு மூணே கேள்விதான் கேட்டாங்க. நம்ம ஊர்லயே நர்சிங் முடிச்சவங்க தமிழ்நாடு நர்ஸ் மிட்வைஃப் கவுன்சில்ல ரெண்டுக்கும் சேத்துதான் பதிவு பண்றாங்க, அத அம்மாவுக்கு சொல்லுங்க, அவங்களுக்கு தெரிஞ்ச ஸ்டாஃப் நர்ஸ் யாராவது கண்டிப்பா இருப்பாங்க. ஆனா அந்த பதிவ மட்டும் வச்சு இங்க வந்து சி.என்.எம்.னு போட்டுக்க முடியாது, இங்க அந்த மேற்படிப்பும் பரீட்சையும் முடிச்சே ஆகணும், அதையும் சேத்து சொன்னீங்கன்னா அவங்க மனசு இன்னும் லேசாகும். அமெரிக்காவுல பத்துல ஒரு குழந்தை கிட்டத்தட்ட இவங்க கையிலதான் பொறக்குது, அதுலயும் பெரும்பாலும் ஆஸ்பத்திரிலதான்.

கவி_ஃப்ரிஸ்கோ:

அக்கா, நம்பர் வாங்கி தேடினதுல டெக்ஸாஸ் போர்டுல வந்துடுச்சு, கல்யாணத்துக்கு முன்னாடி பேருலதான் இருக்கு, ஏ.பி.ஆர்.என். நர்ஸ் மிட்வைஃப்னு இருக்கு, மேல எந்த ஆக்‌ஷனும் இல்ல. வியாழக்கிழமை பாக்க போறோம், டெலிவரி யாரு பாப்பாங்க, பேக்கப் யாரு, ராத்திரி எங்க இருப்பாங்க, சுகர் வந்தா என்ன பண்ணுவாங்க, இத்தனையும் எழுதி வச்சிட்டேன். பெரம்பலூர் அக்கா, உங்கம்மா நம்பர் மெசேஜ்ல அனுப்புங்க, எங்கம்மாவுக்கு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் வசதிப்படும்.

லேபர்வார்டு_அக்கா:

போறப்ப பழைய கிளினிக்ல இருந்து ரெகார்ட்ஸ் அனுப்ப சொல்லி கையெழுத்து போட்டுட்டு போ, முதல் ஸ்கேன், ரத்த க்ரூப், ரத்தப் பரிசோதனை எல்லாம் திரும்ப எடுக்க வேண்டாம். அவரையும் கூட்டிட்டு போ.