ரோட்டோர மூட்டையில் வாங்கிய வெளிநாட்டு ஜாக்கெட்: உங்க அனுபவம் என்ன?

குன்னூர்வாசி:
போன குளிர்ல ஊட்டி மார்க்கெட் பக்கம் தார்ப்பாய்ல குவிச்சிருந்த துணியில ஒரு ஜாக்கெட் எடுத்தேன். 250 ரூபா. லேபிள்ல கொரிய எழுத்து. வீட்ல புரட்டிப் பார்த்தா, முதுகுல தோள்ல இருந்து இடுப்பு வரைக்கும் நேர்கோடா ஒரு தையல், வேற கலர் நூல்ல. தானா கிழிஞ்சா இவ்வளவு நேராப் போகாது. யாருக்காவது விஷயம் தெரியுமா?

பனியன் கம்பெனி ஓய்வு, கோத்தகிரி:
தெரியும்ங்க தம்பி. வெளிநாட்டுப் பழைய உடுப்பை லைசென்ஸ் இல்லாம இறக்க முடியாது. ஆனா திரும்ப உடுத்த முடியாதபடி வெட்டின கந்தலுக்கு வழி இருக்கு. ஹரியானா பானிப்பட்ல அதைக் கலர் வாரியாப் பிரிச்சு, பஞ்சாக் கிழிச்சு, மறுபடி நூலாக்கிப் போர்வை நெய்யறாங்க. அது முறையான தொழில். கந்தல்னு பேப்பர்ல காட்டிட்டு பேருக்கு ஒரு வெட்டுப் போட்டு இறக்கறவங்களும் உண்டு. உங்க ஜாக்கெட் அந்த ரகம்னு தோணுது. சில கன்டெய்னர்ல அந்த வெட்டும் இருக்காது.

கஸ்டம்ஸ்ல பிடிச்சாலும், 1962 சுங்கச் சட்டம் 125வது பிரிவுப்படி அபராதம் கட்டி சரக்கை மீட்டுக்க அனுமதி கிடைக்கலாம். அதையும் ஒரு செலவா மூட்டை விலையில ஏத்திட்டாப் போச்சு. என்னைக் கேட்டா ஓட்டை துறைமுகத்துல. தார்ப்பாய் விரிச்சு விக்கறவரைத் திட்டி என்ன புண்ணியம்?

இன்னொண்ணு. இப்படி இறங்கற பழைய உடுப்பு டி-ஷர்ட், குழந்தைத் துணின்னா திருப்பூர் உள்ளூர் யாவாரத்துக்கு நேரா அடி. கனமான ஸ்வெட்டர்னா அடி வாங்கறது பஞ்சாப்ல இருக்கற லூதியானா. ஊட்டியில திபெத்தியர் கடைங்கள்ல தொங்கறது பெரும்பாலும் அந்த லூதியானா புதுச்சரக்குதான். அதையும் மூட்டைத் துணியையும் ஒண்ணாப் போட்டுப் பேசாதீங்க, அந்தக் கடைக்காரங்க பாவம்.

எஸ்டேட் பொண்ணு:
அண்ணா சொல்றது சரிதான். ஆனா எங்கம்மா கொழுந்து பறிக்கறவங்க. மார்கழிப் பனியில தோட்டத்துல நிக்க மூட்டை ஸ்வெட்டர்தான் கட்டுப்படியாகுது. வாங்கினதும் வெந்நீர்ல ஊறப்போட்டு, வெயில் வந்தா ரெண்டு நாள் காயப்போடுவாங்க (இங்க வெயில் வரணுமே!). அப்பவும் மூட்டைத் துணியில அடிக்கற மருந்து வாடை போகாது. அம்மாவுக்கும் புதுசுதான் ஆசை. கோத்தகிரிப் பக்கம் 300 ரூபாய்க்குள்ள நல்ல கனமான புது ஸ்வெட்டர் எங்க கிடைக்கும்னு யாராவது சொல்லுங்களேன்.