மகளிர் நாள் பாராட்டு யாருக்கு? வேலூரில் ஒரு விவாதம்

காட்பாடி தலைமையாசிரியர் (ஓய்வு):

எங்கள் குடியிருப்புச் சங்கம் ஆண்டுதோறும் மார்ச் 8 அன்று ஒரு பெண்மணிக்குப் பொன்னாடை போர்த்திக் கேடயம் வழங்கி வருகிறது. இவ்வாண்டு முதல் அதை ஐடா ஸ்கடர் பெயரிலான விருதாக மாற்றி, பெண்களின் சமத்துவத்திற்கும் மனித உரிமைக்கும் உழைத்த ஒரு தலைவிக்கு வழங்க வேண்டும் என்று முன்மொழிகிறேன். 1870-இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா, மருத்துவராகும் எண்ணமே இல்லாதிருந்தவர். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று வீட்டு ஆண்கள், பிரசவத்தில் துடித்துக்கொண்டிருந்த தம் மனைவியரைக் காப்பாற்ற அவரை அழைத்தார்கள். மருத்துவரான அவருடைய தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றபோது, ஆண் என்பதால் மூவருமே மறுத்துவிட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அதன் பிறகே அவர் அமெரிக்கா சென்று படித்து, 1899-இல் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவப் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி திறந்தார். உரிமை என்பது உயிரோடு இருப்பதிலிருந்து தொடங்குகிறது என்பதை இவரைவிடத் தெளிவாக நம் மாவட்டத்திற்குக் காட்டியவர் எவருமில்லை.

கணியம்பாடி வாசகி:

ஐயா, ஐடா அம்மையார் மீது எனக்கு இருக்கும் மதிப்பு உங்களுடையதற்குக் குறைந்ததன்று; நான் பிறந்ததே அவர் நிறுவிய மருத்துவமனையில்தான். ஆனால் அவர் பெயரில் வேலூரில் சாலையே இருக்கிறது, உலகமே அவரை அறியும். என் மறுப்பு, ஆண்டுக்கு ஒருவர் என்ற முறையைப் பற்றியது. வறண்டு கிடந்த நாகநதியை மீட்டது யார்? நூறு நாள் வேலைத் திட்டத்தில் மண்வெட்டியும் கூடையும் எடுத்துச் சென்ற ஏறத்தாழ 20,000 பெண்கள் என்று செய்தித்தாள்களே எழுதின. மழைநீரை மண்ணுக்குள் இறக்குவதற்காக அவர்கள் ஆளுயரத்திற்கும் கீழே தோண்டிச் சிமென்ட் உறைகளை இறக்கினார்கள். ஓடைகளின் குறுக்கே கல் அடுக்கித் தடுப்பணை கட்டினார்கள். என் அம்மாவும் அவர்களில் ஒருவர். கிணற்றில் நீர் ஊறியபின் எங்கள் தெருப் பெண்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு அயல் வயல்காரர் முன் நிற்க வேண்டிய நிலை மாறியது. இதைவிடப் பெரிய மனித உரிமைப் பணியை நான் கண்டதில்லை. உங்கள் விருது இந்த இருபதாயிரம் பேரில் யாருக்கு வரும்?

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

தங்கை சொல்வது உணர்வுபூர்வமானது. ஆனாலும் தலைமையாசிரியர் பக்கமே நிற்கிறேன். கூட்டம் உழைக்கிறது என்பது உண்மை. ஆனால் முதல் முறை எழுந்து நின்று பேசுகிறவர் ஒருவராகவே இருக்கிறார், அந்த ஒருவர் அதற்கு விலையும் கொடுக்கிறார். 1948-இல் ஐக்கிய நாடுகளின் மனித உரிமைப் பிரகடனம் எழுதப்பட்டபோது, முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த தொடரை 'எல்லா மனிதரும்' என்று மாற்ற வைத்தவர், இந்தியாவிலிருந்து சென்ற ஹன்சா மேத்தா. ஒரு சொல்தான், ஆனால் அதை மாற்ற ஒருவர் அந்த அறைக்குள் இருக்க வேண்டியிருந்தது. 1927-இல் சென்னை சட்டமன்ற மேலவைக்குள் நுழைந்த முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகத் தனியாக வாதாடியபோது, அவையில் எத்தனை பேர் முகம் சுளித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்ச் சிறையையே எடுத்துக்கொள்வோம். கடலூர் அஞ்சலையம்மாள் கருவுற்றிருந்த நிலையில் வேலூர்ச் சிறையில் அடைக்கப்பட்டார். பிரசவத்திற்காக வெளியே வந்தவர், குழந்தை பிறந்த இரண்டொரு வாரத்திலேயே மீண்டும் சிறைக்குள் சென்றார். ஜவ்வாது மலையைச் சேர்ந்த ஒரு பழங்குடிப் பெண் அண்மையில், பிள்ளை பெற்ற சில நாட்களிலேயே சென்னைக்குச் சென்று தேர்வெழுதிச் சிவில் நீதிபதி ஆனார். இப்படிப்பட்ட ஒருவரை மேடையில் காணும் பள்ளிச் சிறுமிக்கு, இருபதாயிரம் என்ற எண்ணைவிட அந்த ஒரு முகம் நீண்ட காலம் நினைவில் நிற்கும்.

குடியாத்தம் ஆசிரியை:

ஐயா, முத்துலட்சுமி ரெட்டி தனியாக வாதாடினார் என்பது அவையைப் பொறுத்தவரை சரி. அவைக்கு வெளியே, அந்தக் குலத்திலேயே பிறந்து அந்தக் கொடுமையை அறிந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகச் சென்று பேசினார். சட்டம் வந்தது 1947-இல். அந்த ஆண்டுகளில் அவர் பேச்சைக் கேட்டு மனம் மாறிய தாய்மார்களின் பெயர்களை யார் எழுதி வைத்தார்கள்?

நான் பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்தவள். என் அம்மா இலையை நனைத்து, கத்தரித்து, தூள் வைத்துச் சுருட்டி, இரவு பத்து மணிக்குக் கட்டுக் கட்டுவார். ஆனால் ஏஜெண்டின் கணக்குப் புத்தகத்தில் பல ஆண்டுகள் அந்தக் கட்டுகள் என் மாமாவின் பெயரிலேயே ஏறின. அம்மா பெயரில் கணக்கே இல்லாததால் வருங்கால வைப்பு நிதியும் இல்லை, நலத்திட்டத்திற்கான அட்டையும் பின்னால் அலைந்து வாங்கியதுதான். பெண்ணுக்குச் செய்யப்படும் அநீதி பெரும்பாலும் இப்படிச் சத்தமில்லாமல் நடக்கிறது: வேலை அவளுடையது, பதிவு வேறொருவருடையது. பொன்னாடை விழாக்களைக் காணும்போதெல்லாம் எனக்கு அந்தக் கணக்குப் புத்தகம்தான் கண்முன் வருகிறது.

காட்பாடி தலைமையாசிரியர் (ஓய்வு):

அம்மா, உங்கள் தாயாரின் நிலையைப் படித்து மனம் கனத்தது. ஆனாலும் ஒரு நடைமுறைக் கேள்வி உண்டு. இருபதாயிரம் பேரை எப்படிப் பாராட்டுவீர்கள்? 'அனைவருக்கும் நன்றி' என்று சொல்லிக் கலைந்தால் அது யாரையும் சென்று சேராது. நம் பகுதி மக்கள் கல் நட்டுப் போற்றுவதில் தேர்ந்தவர்கள். செங்கம் வட்டாரத்து நடுகற்களில், எந்தச் சண்டையில் எதைக் காத்து யார் இறந்தார் என்று தெளிவாக வெட்டியிருக்கிறார்கள். பெயரும் செயலும் சேர்ந்திருப்பதால்தான் அவை ஏறத்தாழ 1,400 ஆண்டுகளாகப் பேசுகின்றன. பெயரில்லாத பாராட்டு நிற்காது என்பதே நான் சொல்வது.

கணியம்பாடி வாசகி:

நீங்கள் நடுகல்லைச் சொன்னதால் கேட்கிறேன். எடத்தனூரில் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. எருமைகளைக் காக்கப் போராடி இறந்த கருந்தேவகத்தியோடு, கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற அவனுடைய நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்று அதன் பெயரையும் வெட்டியிருக்கிறார்கள். ஒரு நாயின் பெயரை மறக்கக் கூடாது என்று எண்ணிய ஊர் இது. அந்த ஊருக்கு இருபதாயிரம் பெண்களின் பெயர்கள் எப்படி அதிகமாகும்? நூறு நாள் வேலையில் வருகைப் பதிவேடு இல்லாமல் கூலி கிடையாது. ஒவ்வொரு பெண்ணின் பெயரும், வேலை நடந்த இடமும், நாளும் எழுதப்பட்டே இருக்கின்றன. அவற்றை எடுத்துப் படித்தவர்தாம் இல்லை.

சத்துவாச்சாரி வழக்கறிஞர்:

இந்த இடத்தில் என் நிலையைச் சற்று மாற்றிக்கொள்கிறேன். வருகைப் பதிவேடு பொது ஆவணம். சமூகத் தணிக்கைக்காக அதைப் பார்வையிடும் உரிமையைச் சட்டமே மக்களுக்குத் தந்திருக்கிறது. தகவல் உரிமைச் சட்டம் 2005-இன் கீழும் நகல் கேட்கலாம். ஆனால் தனிப்பட்ட தலைவியரைக் கைவிட எனக்கு மனமில்லை. பதவியில் இருக்கிறார் என்பதற்காக மட்டும் ஒருவரைப் பாராட்டுவதையும் ஏற்க மாட்டேன். வேலூர் மாநகராட்சியில் 2011-இலும் 2022-இலும் பெண்ணே மேயரானார். உள்ளாட்சியில் பாதி இடம் பெண்களுக்கு என்ற சட்டமும் வந்துவிட்டது. இருந்தும் பல ஊராட்சிகளில் தலைவியின் இருக்கையில் கணவர் அமர்ந்து கோப்பு பார்ப்பதை நானே நேரில் கண்டிருக்கிறேன். அந்த இருக்கையைக் கணவருக்கு விட்டுக்கொடுக்காத ஒரு தலைவியை என்னிடம் காட்டுங்கள், அவருக்கு நானே மாலை வாங்கி வருகிறேன்.

குடியாத்தம் ஆசிரியை:

அப்படிப்பட்ட தலைவியருக்கு மார்ச் 8-ஐ வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு மறுப்பில்லை. ஆனால் மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். அன்று தமிழ்நாட்டில் கிராம சபையும் கூடுகிறது. கிணறு தோண்டிய பெண்களின் பெயர்களை அந்தச் சபையிலேயே ஒவ்வொன்றாக வாசித்துத் தீர்மானத்தில் ஏற்ற வேண்டும். நேரமாகும் என்பார்கள், ஆகட்டும்.

காட்பாடி தலைமையாசிரியர் (ஓய்வு):

ஒற்றை விருது வேண்டும் என்ற என் கருத்தில் மாற்றமில்லை. சங்கக் கூட்டத்தில் அதை முன்வைக்கத்தான் போகிறேன். பெயர் வாசிப்பதற்கும் சேர்த்துக் குரல் கொடுப்பேன். ஒன்று மட்டும் கேட்கிறேன்: 'இன்னாரின் மனைவி', 'இன்னாரின் மகள்' என்று பதிவேட்டில் இருப்பதை அப்படியே வாசிக்காதீர்கள். அவரவர் பெயரோடு, எந்தக் கிணற்றைத் தோண்டினார் என்பதும் இருக்கட்டும்.

கணியம்பாடி வாசகி:

அப்படியே செய்கிறோம் ஐயா. எங்கள் ஊர் முதல் உறைகிணற்றில் வேலை செய்தவர்களை அம்மா நேற்றிரவு விரல் விட்டு எண்ணினார், முப்பத்தோரு பேர். அவர்களில் மூவர் இப்போது இல்லை. ஒருவருடைய முழுப் பெயர் அம்மாவுக்கே தெரியவில்லை, எல்லாரும் 'சின்னப்பொண்ணு' என்றே அழைத்தார்களாம். திங்கட்கிழமை ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று பதிவேட்டில் பார்க்கப் போகிறேன்.