பாரதி நிலையம் பக்கத்தில் பார்த்த வெடல் சீல்கள்

அண்டார்க்டிகா என்றால் எல்லாரும் பெங்குவினைத்தான் கேட்கிறார்கள். எனக்கு மனதில் நிற்பது வெடல் சீல் என்கிற கடல்நாய்தான்.

அண்டார்க்டிகாவில் இந்தியாவின் பாரதி ஆய்வு நிலையம் லார்ஸ்மன் குன்றுகளில், கடலோரத்தில் இருக்கிறது. அக்டோபரிலும் அங்கே கரையோரக் கடல் உறைந்தே கிடக்கும். பனித்தரையில் விரிசல் விட்ட இடங்களில் தாய் சீல்கள் ஏறிவந்து குட்டி போடும். மூன்று மீட்டர் நீளம், நானூறு ஐந்நூறு கிலோ எடை. எங்களைக் கண்டு ஒன்றும் ஓடவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். பனிக்கரடி இருப்பதெல்லாம் வடதுருவத்தில். இங்கே பனிமேல் வந்து அடிக்கிற மிருகம் கிடையாது. அதற்காக நாம் கிட்டே போய்விடக் கூடாது, விலகியே நிற்க வேண்டும் என்று விதி உண்டு. குட்டி பிறக்கும்போது 25, 30 கிலோதான். பாலில் பாதிக்குப் பாதி கொழுப்பு என்பதால் ஆறேழு வாரத்தில் நூறு கிலோ தொட்டுவிடும். அதற்குள் தாய் கண்ணெதிரே இளைத்துப்போகும்.

நாள் முழுக்கத் தூங்கும் சோம்பேறி என்றுதான் தோன்றும். மூச்சு விடப் பனியில் வைத்திருக்கும் துளையில் தலை நீட்டும்போது பார்க்க வேண்டும்! வாயை அகலத் திறந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மேல்வரிசைப் பற்களால் பனியை ரம்பம் மாதிரி அறுக்கும். அந்தக் கரகரப்பு தூரத்திலேயே கேட்கும். துளை மூடிக்கொண்டால் கீழே இருப்பதற்கு மூச்சில்லை, அவ்வளவுதான். குளிர்காலம் முழுக்க இதே வேலை. வயதான சீல்களுக்குப் பல் தேய்ந்தே போயிருக்கும். மற்ற சீல்களைவிட இவற்றுக்கு ஆயுள் குறைவு என்பதற்கு இதையும் ஒரு காரணமாகச் சொல்கிறார்கள்.

முங்குகிற கணக்கும் வேறு. நாம் மூச்சை இழுத்துக்கொண்டு குதிப்போம். இது வெளியே விட்டுவிட்டுப் போகும். ஆழத்தில் நுரையீரல் சுருங்கிவிடும். ஆக்சிஜனை ரத்தத்திலும் தசையிலும்தான் சேர்த்து வைத்திருக்கிறது. சாதாரணமாக கால் மணி நேரம், தேவைப்பட்டால் ஒரு மணிக்கும் மேல், 600 மீட்டர் வரைக்கும் போகும். பனிக்கட்டியின் அடியில் இடுக்குகளில் ஒளிந்திருக்கும் சின்ன மீன்களை, மூக்கால் காற்றை ஊதி விரட்டிப் பிடிப்பதைக் கேமரா பொருத்திப் படமெடுத்திருக்கிறார்கள்.

அப்புறம் அந்தச் சத்தம். ஆண் சீல்கள் தண்ணீருக்கடியில் தங்கள் எல்லையைக் காத்துக்கொண்டே கத்தும். உச்சியில் ஆரம்பித்துச் சறுக்கிக்கொண்டே இறங்கும் நீண்ட விசில், நடுவே டிக் டிக் என்று தட்டல். மிருகத்தின் குரல் என்றே நம்ப முடியாது, ஏதோ பழைய மின்னணுக் கருவி என்றுதான் நினைத்தோம். நவம்பரில் அங்கே இருக்கப்போகிறவர்கள் காற்று நின்ற நாளில் பனியில் காதை வைத்துப் பாருங்கள். குல்லாவைக் கழற்ற வேண்டியிருக்கும், பரவாயில்லை.