பழைய கஞ்சில் காரில் டிரைவர் சீட்டை உயர்த்த என்ன வழி?

தோட்டத்துப்பையன்:
2003 பெரோடுவா கஞ்சில், சின்ன கார். ஓட்டுவது அம்மா, உயரம் 150 செ.மீ. ஸ்டீரிங் மேல்விளிம்பு கண்ணுக்கு நேராக நிற்கிறது. தலையணை போட்டால் பிரேக் பிடிக்கும்போது வழுக்குகிறது. போதாததற்கு வீடு செம்பனை மில்லுக்குப் பக்கத்தில். மழை தூறினால் கண்ணாடி முழுக்க எண்ணெய்ப் படலம். ஹாஃப்கட் கடையில் (பழைய கார் உதிரிபாகம் விற்கும் கடை) உயரம் மாற்றும் சீட் வாங்கிப் போடலாமா? மலேசியாவில், பேராக் சுங்கை சிப்புட் பக்கம் இருக்கிறோம்.

குஷன்காரர்:
தலையணையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள் தம்பி. மோதினால் அது அமுங்கி, ஆள் முன்னே நழுவி, இடுப்பெலும்பில் நிற்க வேண்டிய பெல்ட் வயிற்றுக்கு ஏறிவிடும். வேறு காடி (கார்) சீட்டும் வேண்டாம். போல்ட் துளைகள் பொருந்தாது, பிராக்கெட் வெல்டிங் வைக்கச் சொல்வார்கள். அந்த வெல்டிங்கை நம்பி உட்கார முடியாது.

இவ்வளவு பழைய சீட் கண்டிப்பாக உட்கார்ந்து போயிருக்கும். போல்ட்டைக் கழற்றி சீட்டைக் கவிழ்த்துப் பாருங்கள். வளைவு வளைவாகக் கம்பி ஸ்பிரிங் இருக்கும். ஓரத்துக் கொக்கி கழன்றிருக்கலாம். இல்லையென்றால் ஸ்பிரிங்குக்கு மேலே இருக்கும் துணி கிழிந்து, கம்பி ஃபோமை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருக்கும். இதைக் கவனிக்காமல் மேலே புது ஃபோம் ஒட்டினால் அதையும் கம்பி அறுக்கும். கொக்கியை மாட்டி, ஸ்பிரிங் மேல் கெட்டி கேன்வாஸ் விரித்து, அதன் மேல் கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தி உள்ள ஃபோம் போடச் சொல்லுங்கள். மெத்தைக் கடை ஃபோம் சீக்கிரம் அமுங்கிவிடும்.

நட்டுபோல்ட்:
அதற்குப் பிறகும் உயரம் பத்தவில்லை என்றால் சீட் நகரும் ரெயிலுக்கும் தரைக்கும் நடுவே ஸ்பேசர். நடுவில் துளை போட்ட முழு இரும்புக் கட்டை, அதிகபட்சம் 25 மி.மீ., நாலு மூலைக்கும் ஒரே உயரம். வாஷர்களை அடுக்கினால் நாளடைவில் தளரும், மரக்கட்டை அமுங்கும். ஸ்பேசர் எவ்வளவு உயரமோ போல்ட்டும் அவ்வளவு நீளம் கூட வேண்டும்; பழைய போல்ட்டைக் கையில் கொண்டுபோய் அதே புரி, 8.8-க்குக் குறையாத வலிமைத் தரம் என்று கேட்டு வாங்குங்கள்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. சீட் ஏறினால் பெடல் தூரமாகும், அம்மா முன்னே தள்ளி உட்கார்வார். ஏர்பேக் உள்ள காடியில் நெஞ்சுக்கும் ஸ்டீரிங் நடுப்பகுதிக்கும் 25 செ.மீ. இருக்க வேண்டும், இல்லாத காடியிலும் அந்த இடைவெளி நல்லதுதான். ஸ்டீரிங் மேல்விளிம்பைவிடக் கண் 8 செ.மீ. மேலே வந்தால் போதும், அதோடு நிறுத்துங்கள். பெல்ட் பக்கிள் எங்கே பிடித்திருக்கிறது, சீட்டிலா தரையிலா? செய்வதற்கு முன் வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமிலும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

வைப்பர்வாசு:
கண்ணாடிக்கு: பாத்திரம் கழுவும் சோப்பு போட்டுத் தேய்த்து அலசுங்கள். தண்ணீர் பரவாமல் முத்து முத்தாக நின்றால் படலம் இன்னும் போகவில்லை. சீரியம் ஆக்ஸைடு பாலிஷ் வாங்கி ஈரத்தோடு தேய்க்க வேண்டும். வைப்பர் ரப்பரையும் ஆல்கஹால் துணியால் துடையுங்கள், இல்லாவிட்டால் அதுவே எண்ணெயைத் திரும்பப் பூசிவிடும். உள்பக்கக் கண்ணாடியை மறக்காதீர்கள்.

1903-இல் மேரி ஆண்டர்சன் பேட்டன்ட் வாங்கிய வைப்பரில், கண்ணாடியோடு அழுத்திப் பிடிக்க எதிர்எடை இருந்தது. இன்றைக்கு அந்த வேலை வைப்பர் ஆர்ம் (ரப்பரைப் பிடிக்கும் கம்பி) அடியில் உள்ள ஸ்பிரிங்குக்கு. அது துருப்பிடித்துத் தளர்ந்தால் எந்த ரப்பர் போட்டாலும் கோடு விழும். ஒரு பக்கம் போகும்போது மட்டும் தடதடவென்று துள்ளினால் ஆர்ம் முறுக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

சீட் உயரம் மாறியதும் மிரர் மூன்றையும் திரும்ப வையுங்கள்.

தோட்டத்துப்பையன்:
பார்த்துவிட்டேன் அண்ணே, பக்கிள் தரையில்தான்.

நட்டுபோல்ட்:
அப்படியென்றால் ஸ்பேசர் வேண்டாம். சீட் மட்டும் ஏறி பக்கிள் கீழேயே நிற்கும், பெல்ட் உட்காரும் கோணம் கெடும். ஃபோம் வேலையோடு விடுங்கள். ஆள் முன்னே நழுவாமல் இருக்க, சீட்டின் முன்விளிம்பு ஃபோம் கெட்டியாக இருக்கட்டும் என்று கடையில் சொல்லிவிடுங்கள்.